பழைய படகு, புதிய மேல்தளம்: முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கிலும் குமுளியிலும் ஏலக்காய், மிளகு வணிகம் செய்துவரும் நம் வாடிக்கையாளர்களில் சிலர் அண்மைக் காலமாகச் சுற்றுலாத் தொழிலிலும் முதலீடு செய்யத் தொடங்கியுள்ளனர். தங்கும் விடுதி, ஜீப்பு என்று தொடங்கிய முயற்சி இப்போது படகு வரை வந்திருக்கிறது. குமுளியிலிருந்து மலையிறங்கிக் கோட்டயத்தைக் கடந்தால் ஆலப்புழைக் காயல். பாலக்காட்டுப் பகுதியினருக்கோ, ஆனைமலையில் தோன்றித் தங்கள் ஊர்களின் வழியே ஓடும் பாரதப்புழை கடலில் கலக்கும் பொன்னானி இருக்கிறது. இவ்விரு நீர்ப்பரப்புகளிலும் பயன்படுத்திய படகுகள் விற்பனைக்கு வருகின்றன. புதுப் படகின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதால் அவற்றின்மீது நாட்டம் எழுவது இயல்பே.

குமுளிக்கு அருகில் விடுதி நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் அத்தகைய படகு ஒன்றுக்காகக் கடன் விண்ணப்பத்துடன் எங்கள் கிளைக்கு வந்தார். விலை 18 இலட்சம் ரூபாய். அதில் 3 இலட்சத்தை முன்பணமாக அந்த வாரமே கொடுத்துவிட அவர் அணியமாக இருந்தார். இணைப்பில் பதிவுச் சான்றிதழின் நகலும் படகின் வண்ணப் புகைப்படமும் இருந்தன. சான்றிதழில் தளங்களின் எண்ணிக்கை ஒன்று; புகைப்படத்தில் இருந்த படகிலோ இரண்டு தளங்கள். விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “அது மீன்பிடிப் படகாக இருந்தது, பிறகு மேலே ஒரு தளம் கட்டிப் பயணிகள் படகாக மாற்றினோம், எல்லாரும் செய்வதுதான்” என்று விடை வந்தது.

நான் வணிகவியல் படித்தவன். படகின் முன்புறம் எது, பின்புறம் எது என்பதற்கு மேல் அப்போது எனக்கு ஏதும் தெரியாது. ஆயினும் இரண்டு ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்பது எங்கள் தொழில். அப்படி நிறுத்திக் கேட்டதில் கற்றுக்கொண்டவற்றை, படகு வாங்க எண்ணும் பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

தேக்கடியும் தானூரும்

இடுக்கி எல்லையில் வாழ்பவர்களுக்கு 2009 செப்டம்பர் 30 மறக்க இயலாத நாள். அன்று மாலை, பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அது பழைய படகன்று; கண்ணாடியிழையால் கட்டப்பட்டுச் சில வாரங்களுக்கு முன்புதான் நீரில் இறக்கப்பட்டது. கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது என்பதே அப்போது வெளியான செய்தி. விலங்குகளைக் காண்பதற்காகவே ஓட்டப்படும் படகில், விலங்கைக் கண்டவுடன் மக்கள் ஒரு பக்கம் நகர்வது எதிர்பாராத நிகழ்ச்சியாக இருக்க முடியுமா?

2023 மே 7 அன்று மாலை, மலப்புறம் மாவட்டத்தின் தானூருக்கு அருகில் பூரப்புழை ஆற்றின் கழிமுகத்தில் ‘அட்லாண்டிக்’ என்ற பயணிகள் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர். மீன்பிடிப் படகு ஒன்றைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள் என்பதும், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள் என்பதும் உடனடியாக எழுந்த குற்றச்சாட்டுகள். எங்கள் மேசையில் இருந்த புகைப்படத்துக்கும் அந்தச் செய்திக்கும் இடையே இருந்த ஒற்றுமையை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

மாற்றம் என்றால் எப்போதும் அலட்சியத்தால் செய்யப்படுவது என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1915 ஜூலை 24 அன்று ‘ஈஸ்ட்லாண்ட்’ என்ற பயணிகள் கப்பல், ஆற்றின் துறையில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே பக்கவாட்டில் சரிந்தது. கரையிலிருந்து சில அடி தொலைவில் 844 பேர் மாண்டனர். 1912ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கியதன் பிறகு, கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. அதன்படி ஈஸ்ட்லாண்டின் மேல்தளத்தில் அவை சேர்க்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஏற்கெனவே மேல்பாரம் மிகுந்ததாக அறியப்பட்ட கப்பல் அது. உயிரைக் காக்க ஏற்றிய எடையும் அந்தப் பாரத்தோடு சேர்ந்துகொண்டது. நல்ல நோக்கத்துடன் ஏற்றப்பட்டதா, பேராசையால் ஏற்றப்பட்டதா என்று நீர் பார்ப்பதில்லை.

எடை எங்கே இருக்கிறது?

மீன்பிடிப் படகு எதற்காக வடிவமைக்கப்படுகிறது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அதன் எடையில் பெரும்பகுதி கீழே இருக்கும்: பனிக்கட்டி, பிடித்த மீன், எரிபொருள், நீர். இவையெல்லாம் தளத்துக்கு அடியில் உள்ள அறைகளில் நிரம்பும்போதுதான் அது நன்கு நிற்கும். அதைப் பயணிகள் படகாக மாற்றும்போது அடியறை காலியாகிறது. எடை முழுதும் தளத்தின்மேல் இருக்கைகளில் அமர்கிறது. மேல்தளமும் கட்டினால் அதற்கும் மேலே போகிறது. வெளித்தோற்றத்தில் அதே படகுதான். நீரைப் பொறுத்தவரை அது தலைகீழான வேறொரு படகு.

இதை எண்களால் பார்த்தால் தெளிவாகும். படகு சாயும்போது அதன் எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. நீரின் மிதப்பு விசையோ சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து படகை நிமிர்த்துகின்றன. அப்படி நிமிர்த்தும் திறனைக் கப்பல் பொறியாளர்கள் ஓர் உயரமாக அளந்து ‘ஜி.எம்.’ என்று குறிப்பார்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து, படகு எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுகிறதோ அந்தப் புள்ளி வரையுள்ள உயரம் அது. எங்கள் மொழியில் சொன்னால் அது படகின் கையிருப்பு. மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கப்படும் செலவு.

எடுத்துக்காட்டாக ஒரு படகைக் கொள்வோம். அகலம் 3 மீட்டர். 20 பயணிகளுடன் மொத்த எடை 8,000 கிலோ. கையிருப்பு 65 சென்டிமீட்டர். பக்கச் சுவரின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் 50 சென்டிமீட்டர். நடுக்கோட்டிலிருந்து விளிம்பு ஒன்றரை மீட்டர் தள்ளியிருப்பதால், ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தால் விளிம்பு நீரைத் தொடும். ஆளுக்கு 65 கிலோ வீதம் 20 பேரும் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் ஏற்படும் திருப்பம் 1,300 கிலோ-மீட்டர். இதை 8,000 கிலோவாலும் 0.65 மீட்டராலும் வகுத்தால் 0.25, அதாவது சுமார் 14 பாகைச் சாய்வு. அச்சம் தரும் சாய்வுதான். ஆனால் விளிம்பு நீருக்கு மேலே இருக்கிறது. மக்கள் மீண்டும் நகர்ந்தால் படகு நிமிரும்.

இப்போது 400 கிலோ எடையில் ஒரு மேல்தளத்தை, ஈர்ப்பு மையத்துக்கு 2 மீட்டர் உயரத்தில் கட்டுவோம். கையிருப்பில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் போயிற்று. அதே 20 பேரில் 15 பேர் காற்று வாங்க மேலே ஏறுகிறார்கள் என்று கொள்வோம். 975 கிலோ 2 மீட்டர் உயர்வதால் மேலும் 23 சென்டிமீட்டர் போகும். மிச்சம் 32 சென்டிமீட்டர், பாதிக்கும் குறைவு. இந்நிலையில் அவர்கள் முன்போலவே ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் சாய்வு சுமார் 26 பாகை. விளிம்பு 18 பாகையிலேயே நீருக்குள் போய்விட்டது. நீர் உள்ளே வரத் தொடங்கிய பிறகு எந்தச் சூத்திரமும் உதவாது. கவனிக்க: பயணிகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆகவே, “இருபது பேருக்குத்தானே அனுமதி, நான் இருபது பேரைத்தானே ஏற்றுகிறேன்” என்ற வாதம் மாற்றப்பட்ட படகுக்குச் செல்லாது. அந்த இருபது, மேல்தளம் இல்லாத படகுக்குக் கொடுக்கப்பட்ட எண்.

(இது விளக்கத்துக்கான தோராயக் கணக்கு. உண்மையான படகுக்கு ஒரு கப்பல் பொறியாளர் அதன் வடிவத்தை அளந்து, தெரிந்த எடைகளைத் தளத்தில் பக்கவாட்டில் நகர்த்தி, சாய்வைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.)

படகுத்துறையில் செய்யக்கூடிய சோதனை

பொறியாளரை அழைப்பதற்கு முன்பே, அவருக்குக் கட்டணம் கொடுக்கத் தகுந்த படகுதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. சிறிய கலங்களுக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்களிலும் இது இடம்பெறுகிறது. அமைதியான நீரில் கயிறுகளைத் தளர்த்திவிட்டுப் படகைப் பக்கவாட்டில் ஆட்டி விட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வருவது ஓர் ஆட்டம். நான்கைந்து ஆட்டங்களுக்கான நேரத்தைக் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் விநாடிகள், படகின் அகலத்தைக் குறிக்கும் மீட்டர் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தொடக்க நிலைப்பு போதுமானதாக இருக்கக்கூடும். நம் எடுத்துக்காட்டுப் படகின் அகலம் 3 மீட்டர். மேல்தளம் கட்டுவதற்கு முன் அதன் ஆட்டம் ஏறத்தாழ 3 விநாடி. மேல்தளமும் அதில் 15 பேரும் சேர்ந்த பிறகு 4 விநாடிக்கு மேல்.

இங்கே ஒரு மயக்கம் ஏற்படும். விரைந்து வெடுக்கென்று நிமிரும் படகு பயணிகளுக்குத் தொல்லையாகத் தோன்றும். மெல்ல, ஊஞ்சல்போல் ஆடும் படகு சொகுசாகத் தோன்றும். விற்பவரும், “எவ்வளவு மெதுவாக ஆடுகிறது பாருங்கள், குழந்தைகள்கூடத் தூங்கிவிடும்” என்பார். அந்த மெதுவே கையிருப்பு குறைந்துவிட்டதன் அடையாளம். சாய்ந்தபின் சற்றுத் தயங்கி நின்று, பிறகு நிமிரும் படகை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

வெறும் படகை ஆட்டிப் பார்த்து நிறைவடையவும் கூடாது. நம் எடுத்துக்காட்டில் மேல்தளம் கட்டியும் ஆட்கள் ஏறாத நிலையில் ஆட்டம் சுமார் 3.2 விநாடிதான், ஐயம் எழாது. மேல்தளத்தில் 50 கிலோ மணல் மூட்டைகள் இருபதை அடுக்கிவிட்டுச் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும். ஆழமற்ற துறையில், படகில் ஆள் இல்லாமல், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சோதனைக்காக மனிதர்களை மேலே நிறுத்திவைப்பது அறவே கூடாது.

படகின் உடலைப் பார்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுபவமுள்ள தச்சர்களும் ஃபைபர் வேலை செய்பவர்களும் இதில் என்னைவிட நன்கு அறிந்தவர்கள். படகைக் கரையேற்றித்தான் பார்க்க வேண்டும். நீரில் நிற்கும் படகின் அடிப்பாகத்தைப் பார்த்ததாகச் சொல்வது, உறையைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் படித்ததாகச் சொல்வதைப் போன்றது. கண்ணாடியிழை உடலைச் சிறு மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடங்களில் கணீரென்றும், அடுக்குகள் பிரிந்த இடங்களில் மந்தமாகவும் ஒலிக்கும். அடிப்பகுதியில் கொப்புளங்கள் இருந்தால் நீர் ஊடுருவியிருக்கிறது என்று பொருள். இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையைத் திருகாணிகளைச் சுற்றிக் கூர்முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முன்பிருந்ததைவிடப் பெரிய இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தால் பின்புறம் தாழ்ந்து, அங்கே விளிம்பின் உயரம் குறைந்திருக்கும். பயணிகள் ஏறி இறங்க வசதியாகப் பக்கச் சுவரை வெட்டி வாயில் அமைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அமைத்திருந்தால், விளிம்பின் உயரத்தை அந்த வெட்டின் அடியிலிருந்துதான் அளக்க வேண்டும். அடியறையில் தேங்கும் நீரும் சிறு செய்தியன்று. படகு சாயும் பக்கமே அந்த நீரும் ஓடுவதால், அது சாய்வைக் கூட்டுகிறது.

கொச்சிப் பக்கம் பயன்படுத்திய பாய்மரப் படகு வாங்க விரும்புவோர் ஒரு சிலரே என்றாலும் அவர்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். பாய்மரத்தை உயர்த்தியிருந்தாலும், கனமான வேறு மரத்தை நட்டிருந்தாலும், பாயின் பரப்பைக் கூட்டியிருந்தாலும், அடியில் இருந்த ஈயம் அல்லது இரும்பு எடையை எடுத்திருந்தாலும் அது மாற்றப்பட்ட படகே. அங்கே காற்றும் சேர்ந்து தள்ளுகிறது. மரத்தைத் தாங்கும் கம்பி வடங்கள் உடலோடு பிணையும் இடங்களில் துருவும் வெடிப்பும் உள்ளனவா என்று கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

தாளும் படகும்

உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, பழைய 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. இதன்படி இயந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுப் படகுக்குப் பதிவுச் சான்றிதழும், ஆய்வுச் சான்றிதழும், காப்பீடும் வேண்டும். கேரளத்தில் கேரள கடல்சார் வாரியம் இப்பதிவுகளைக் கவனிக்கிறது. படகின் உறுதியையும் நிலைப்பையும் பாதுகாப்பையும் பாதிக்கும் மாற்றங்களுக்கு முன்அனுமதி பெற வேண்டும். மீன்பிடிப் படகு என்ற பதிவு, பயணிகளை ஏற்றுவதற்கான உரிமை ஆகாது. எனவே வாங்குபவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் தாள், மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்ற வரைபடம். இரண்டாவது, மாற்றத்துக்குப் பிறகு செய்யப்பட்ட நிலைப்புச் சோதனையின் அறிக்கை. மூன்றாவது, மாற்றத்துக்குப் பிந்தைய தேதியிட்ட ஆய்வுச் சான்றிதழ். தேதியைக் கவனியுங்கள். மேல்தளம் கட்டுவதற்கு முந்தைய சான்றிதழ் இன்னும் காலாவதியாகாமல் இருக்கலாம். அது சான்று கூறும் படகுதான் இப்போது இல்லை.

பதிவுச் சான்றிதழில் உள்ள நீளம், அகலம், ஆழம், தளங்கள், இயந்திரத்தின் எண், குதிரைத்திறன் ஆகியவற்றை அளவு நாடாவுடன் படகின் அருகில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. முந்தைய கடனுக்கான பிணைக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் பதிவு அலுவலகத்திலேயே கேட்டறிய வேண்டும். விற்பவர் காட்டும் நகலை நம்பியிருக்க வேண்டாம்.

காப்பீட்டைப் பற்றி வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தவறாக எண்ணுகிறார்கள். பாலிசித் தாள் கையில் இருப்பதும் இழப்பீடு கிடைப்பதும் ஒன்றல்ல. காப்பீட்டு ஒப்பந்தம் முழு உண்மையைத் தெரிவிப்பதன்மேல் நிற்கிறது. ஒரு தளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரு தளங்களுடன் ஓட்டினால், விபத்தின்போது நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. படகும் போய், இழப்பீட்டுப் பொறுப்பும் வந்து, கடன் தவணையும் மாதந்தோறும் நிற்கும் நிலை அது. வங்கியின் கோணத்திலும், சட்டப்படி ஓட்ட இயலாத படகு ஈடாகாது. அதன் மதிப்பு, கழற்றி விற்கக்கூடிய இயந்திரத்தின் மதிப்பே. இதனால்தான் எங்கள் கிளையில், மாற்றப்பட்ட படகு எதற்கும் தகுதி பெற்ற கப்பல் பொறியாளர் அல்லது சர்வேயரின் அறிக்கையின்றி மதிப்பீட்டையே தொடங்குவதில்லை. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுவதால், அங்கே பயின்ற வல்லுநர்களை அப்பகுதியில் தேடிக் கண்டுபிடிப்பது அரிதன்று. அவர்களுடைய கட்டணம், மேலே சொன்ன முன்பணத்தின் ஒரு சிறு பகுதிதான். அதை வாங்குபவரே கொடுக்க வேண்டும். விற்பவர் ஏற்பாடு செய்யும் சர்வேயர் விற்பவருக்கே கடமைப்பட்டவர்.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டிய சூழல் வந்தால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, நிலைப்புச் சோதனையில் தேறாவிட்டாலோ மாற்றத்துக்கான ஒப்புதல் காட்டப்படாவிட்டாலோ முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த விதிக்கு உடன்படாதவரிடம் பேரம் தொடர்வதில் பொருளில்லை.

எங்கள் வாடிக்கையாளர் முன்பணத்தை நிறுத்திவைத்து, மணல் மூட்டைச் சோதனைக்கு ஒரு நாள் குறிக்கும்படி விற்பவரைக் கேட்டார். முதலில் மழை என்றார்கள்; பிறகு படகு வேறிடத்தில் இருக்கிறது என்றார்கள்; மூன்றாம் முறை, வேறொருவர் வாங்கப் போகிறார், சோதனையெல்லாம் கேட்கவில்லை என்றார்கள். அவர் அத்துடன் விட்டுவிட்டார். அந்தப் படகு யாரிடம் போனதோ என்று இன்றும் சில நேரங்களில் என்னிடம் கேட்பார். ஐந்து மாதங்கள் கழித்து, பயணிகள் படகாகவே கட்டப்பட்ட, 14 இருக்கைகள் கொண்ட ஒற்றைத் தளப் படகு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆறு இருக்கைகள் குறைந்ததால் வருமான மதிப்பீடு குறைந்தது. எனவே தவணைக் காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து ஏழாக நீட்டிக் கடனை வழங்கினோம்.